15 மூட்டையும் சரியாகத்தான் இருந்தது

கேள்வி:

அக்கா, மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம் எனக்கு. வயசு 27. பி.காம். முடிச்சிட்டு மூணு வருஷமா டவுன்ல ஒரு உரக்கடையில கணக்கு பாக்குறேன். கார்த்திகை மாசம் மழை விட்டு யூரியா லோடு வந்த அன்னிக்குக் கடையில நிக்க இடமில்ல. சர்வர் சுத்திக்கிட்டே இருந்துச்சு, உர விற்பனையப் பதியற மெஷின்ல கைரேகை விழல. முதலாளியே, "மொதல்ல மூட்டையக் குடுத்து அனுப்பு, ராத்திரி மெஷின்ல ஏத்திக்கலாம்"னாரு. துண்டுச் சீட்டுல பேரெழுதி வச்சிக்கிட்டுக் குடுத்தேன். சாயங்காலம் எண்ணிப் பாத்தா குடோன்ல இருக்கறதவிட மெஷின்ல 15 மூட்டை கூட நிக்குது. சீட்டெல்லாம் எங்க வச்சேன்னு தெரியல. இருபது இருபத்தஞ்சு பேர் நின்னாங்க, அதுல எங்க ஊர்க்காரங்களே ஆறேழு பேரு. அவங்க முன்னாடி, "15 மூட்டையையும் உங்கப்பன் வயலுக்கு ஏத்திட்டியாடா?"ன்னு கேட்டாரு. இன்னும் என்னென்னவோ சொன்னாரு. அது மட்டுந்தான் காதுல நிக்குது.

மறுநாள் காலையில சீட்டு எல்லாம் பில் புக் அடியில கிடைச்சுது. 15-ம் சரியா இருந்துச்சு. கொண்டுபோய்க் காட்டினேன். "ம்"னாரு. அவ்வளவுதான்.

அஞ்சு வாரம் ஆச்சு. அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்குது. எழுதுற பில்லுல தப்பு வருது, அதுக்கும் திட்டு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, அவர்கிட்ட என்ன பதில் சொல்லியிருக்கணும்னு நெனச்சுக்கிட்டே கிடக்குறேன். அன்னிக்கு நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போறதுக்குள்ள விஷயம் போயிடுச்சு. அம்மா அழுதாங்க. அப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா அதுக்கப்புறம் எங்க கடைக்கு அவரு வரவே இல்ல. ரெண்டாவது மேலுரத்துக்குச் சொசைட்டியில போய் வரிசையில நின்னாரு. அப்பா பேர்ல எங்க கடையில 38,000 ரூபா பற்று இருக்கு, அறுவடை ஆனாத்தான் கட்ட முடியும். நான் வேலையை விட்டா அதை உடனே கேப்பாரு. சில நேரம் எதுக்கு இருக்கோம்னே தோணுது. வேலையை விடறதா, திருப்பிக் கேக்குறதா, பொறுத்துக்கிட்டுப் போறதா? பேர் போட வேண்டாம் அக்கா.

பதில்:

தம்பிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. "எதுக்கு இருக்கோம்னே தோணுது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? நேராகக் கேட்டால் கோபப்படாதீர்கள். இப்படிக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடுவதில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாரம் கொஞ்சம் இறங்கும். வருகிறது என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அன்று இரவே வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள், அடுத்த நாள் கடைக்குப் போக வேண்டாம். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பரிந்துரைக் கடிதம் எதுவும் வேண்டியதில்லை.

அப்படி இல்லை, அலுப்பில் எழுதியதுதான் என்றால் மேலே படியுங்கள். அந்த எண்ணை மட்டும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை "உங்கப்பன் வயலுக்கு" என்ற இடத்தில் எனக்கே வயிறு சுருண்டது. மறுபடி படிக்கும்போது அதைவிடப் பெரிய காயம் வேறொரு இடத்தில் தெரிந்தது. சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினீர்களே, அவர் "ம்" என்றாரே, அங்கே. திட்டியது ஒரு சாயங்காலத்தோடு முடிந்தது. அந்த "ம்" ஐந்து வாரமாக முடியவில்லை. இருபத்தைந்து பேர் முன்னால் உங்கள் மேல் திருட்டுப் பட்டம் விழுந்தது. அது தவறு என்று நிரூபணமானபோது பார்க்க ஒருவர்கூட இல்லை. பட்டம் கட்டியவரும் அதை அவிழ்க்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் ஒத்திகை பார்க்கும் பதில் எல்லாம் இந்த ஒரு இடத்தைத்தான் சுற்றி வருகிறது என்று நினைக்கிறேன்.

வேலையில் திட்டு வாங்குவதைப் பற்றி என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது, வந்த பேச்சைப் பிரித்துப் பாருங்கள் என்பதுதான். சீட்டைத் தொலைத்தது உங்கள் தவறு. அது 15 மூட்டை, மூட்டை 266 ரூபாய் 50 காசு, மொத்தம் 4,000 ரூபாய்க்கு இரண்டரை ரூபாய் குறைவு. அந்தத் தவறுக்கு அந்த அளவில்தான் கணக்கு. கைரேகை விழாமல் மூட்டையைக் கொடுக்கச் சொன்னது அவர். அது அவர் கணக்கில் நிற்க வேண்டும். அன்று மாலை அதையும் சேர்த்து உங்கள் தலையில் ஏற்றிவிட்டார். மூன்றாவதாக வந்தது வசவு. அப்பாவை இழுத்தது, திருடன் என்றது. இதற்கும் நீங்கள் செய்த தவறுக்கும் சம்பந்தமே கிடையாது. ஐந்து வாரமாக நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள்.

உங்கள் முதலாளியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரிடம் பேசப்போவது நீங்கள்தான். டெல்டாவில் யூரியா நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடவு முன்பின்னாக நடந்திருந்தாலும், மழை விட்ட இரண்டு நாளில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மேலுரம் வேண்டும். 2018-லிருந்து மானிய உரத்தை, வாங்குகிறவர் யார் என்று பெரும்பாலும் கைரேகை மூலம் உறுதிசெய்து, மெஷினில் பதிந்துதான் விற்க வேண்டும். வேளாண்மைத் துறை ஆள் வந்து மெஷின் இருப்பையும் குடோன் இருப்பையும் ஒத்துப் பார்க்கும்போது இடித்தால், 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விற்பனையை நிறுத்தலாம், உரிமத்தில் கை வைக்கலாம். சம்பா மேலுர நேரத்தில் கடை பத்து நாள் மூடினால் அந்தப் போகத்து வியாபாரமே போய்விடும். அன்று அவரை ஆட்டியது 4,000 ரூபாய் இல்லை, உரிமம். பயந்தவர் கத்தினார். இதைச் சொல்வது அவர் செய்தது சரி என்று ஆக்குவதற்கில்லை. பயம் எல்லோருக்கும் வரும், அதற்காக அடுத்தவர் அப்பாவைச் சந்தியில் இழுக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் பேசப் போகும்போது, அவர் என்னைக் கேவலப்படுத்தவே காத்திருந்தார் என்ற நினைப்போடு போனால் பேச்சு வேறு மாதிரி முடியும். அவரும் அன்று பயந்துபோனார் என்று தெரிந்து போனால் உங்கள் குரலே மாறும்.

இப்போது பில்லில் வரும் தப்புகளுக்கு வருகிறேன். "எனக்கு மூளை மழுங்கிப் போச்சு" என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் சரியானதற்குள் எலி போக வேண்டும், தவறானதற்குள் போனால் மின்சார அதிர்ச்சி. பெட்டிகள் பார்த்தவுடன் வித்தியாசம் தெரிகிற மாதிரி இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலி சீக்கிரம் கற்றுக்கொண்டது. இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்தபோது, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்பது தாமதமானது. மூட்டை இறக்குகிறவரை அதட்டினால் இரண்டு மூட்டை சேர்ந்து இறங்கலாம். கூட்டிக் கழித்து எழுதுகிறவரை அதட்டினால் எண் இடம் மாறும். வண்டிச் சத்தம் கேட்டதும் உடம்பு ஆபத்து என்று முடிவு செய்துவிடுகிறது, இதயம் ஓடத் தயாராகிறது, விரல் நடுங்குகிறது, அந்த நேரத்தில் நான்கு எண்களை மனதில் பிடித்து வைக்கும் வேலைக்கு மூளை இடம் கொடுப்பதில்லை. உங்களுக்குத் திறமை போய்விடவில்லை. பயம் இறங்கினால் கையெழுத்தும் கணக்கும் பழையபடி வரும்.

வண்டிச் சத்தம் கேட்டதும் ஒன்று செய்யுங்கள். பேனாவைக் கீழே வையுங்கள். செருப்பைக் கழற்றி இரண்டு பாதத்தையும் சிமெண்டுத் தரையில் அழுத்தி வையுங்கள், மார்கழிக் குளிரில் தரை நன்றாகவே தெரியும். மூச்சை நான்கு எண்ணும் நேரம் உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். ஐந்தாறு தடவை. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது, இது உடம்பின் அமைப்பு. அவர் படியேறி உள்ளே வந்து செருப்பை விட்டு, சாமி படத்துக்குக் கும்பிடு போட்டு முடிப்பதற்குள் இதைச் செய்துவிடலாம்.

திட்டு விழுந்துகொண்டிருக்கும்போது பதில் சொல்லாதீர்கள். கண்ணுக்குள் பார்த்தால் "என்னடா முறைக்கிற" என்பார்கள், தலையைக் குனிந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவர் சட்டைப்பை உயரத்தில் பார்வையை வைத்துக்கொள்ளுங்கள். "பாத்துச் சொல்றேன் முதலாளி" என்ற ஒரு வார்த்தை போதும், உடனே கணக்கைக் கையில் எடுங்கள். கோபமாக இருப்பவர் காதில் நியாயம் ஏறாது. கூட்டத்துக்கு நடுவில் நீங்கள் சொல்லும் எந்த நியாயமும் அவருக்குச் சவாலாகத்தான் கேட்கும். உங்கள் பதிலுக்கு ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நீங்கள்தான் குறிக்க வேண்டும், குறித்ததைத் தவறவிடவும் கூடாது.

தவறவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மருத்துவமனையில், நோயாளி ஒருவரின் குறிப்பை வேறொருவர் கோப்பில் வைத்துவிட்டேன். பெரிய மருத்துவர் வார்டு நடுவில், நோயாளிகளும் அவர்களுடைய வீட்டுக்காரர்களும் பார்க்க, "உன்னை யார் இந்தப் படிப்புக்கு அனுப்பினது? வீட்டுல மாடு மேய்க்க ஆளில்லையா?" என்றார். நாளைக்குப் பேசலாம், அடுத்த வாரம் பேசலாம் என்று தள்ளினேன். நான்கு மாதம் அந்த வார்டு வாசலில் ஏறும்போதெல்லாம் வயிறு வலித்தது. பயிற்சி முடிந்து வந்துவிட்டேன். பேசவே இல்லை. இன்று எனக்கு வயது 54, அந்த வார்டின் பச்சைத் திரைச்சீலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பதில் சொல்லாததற்கு இவ்வளவு ஆயுள் இருக்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை.

ஆகவே உங்கள் மூன்று கேள்வியில் என் பதில் இரண்டாவது: கேளுங்கள். விடுவதா இருப்பதா என்பதை, கேட்டு முடித்து ஒரு மாதம் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பொறுத்துக்கொண்டு போங்கள் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஐந்து வாரப் பொறுமை உங்கள் தூக்கத்தைத் தின்றிருக்கிறது.

ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். முதலில் உங்கள் பக்கத்துத் தவறை அடைத்துவிடுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம், ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். கைரேகை விழாமல் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வரிசை எண், பெயர், ஊர், போன் நம்பர், எத்தனை மூட்டை. சர்வர் வந்ததும் போன் போட்டுக் கூப்பிட்டு, கைரேகை வைத்து, மூட்டையைக் கொடுத்து, அந்த வரியை அடித்துவிடுங்கள். விதிப்படி இதுதான் சரி, கைரேகைக்கு முன்னால் மூட்டை வெளியே போகக் கூடாது. "குடுத்து அனுப்பு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் மறுபடி சொன்னால் அந்த இடத்திலேயே, "கைரேகை விழல முதலாளி, குடுக்கலாம்ங்கிறீங்களா?" என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள். ஷட்டர் இறங்கும் முன் நோட்டு, மெஷின், குடோன் மூன்றையும் ஒத்துப் பார்த்து, நோட்டில் அவரைச் சின்னக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் இப்படி ஓடட்டும். இதைப் பார்த்து, திட்டினால்தான் இவனுக்கு ஒழுங்கு வருகிறது என்று அவர் நினைத்துக்கொள்வாரோ என்று உங்களுக்கு உறுத்தும். நினைத்துவிட்டுப் போகட்டும். இந்த நோட்டு உங்களைக் காப்பதற்கு.

பிறகு நாள் பாருங்கள். மார்கழியில் மேலுரக் கூட்டம் வடிந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கடைப்பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போகிற நேரம் ஒன்று இருக்குமே, இரண்டரை மூன்று மணி. அந்த நேரம் சரி. காலையில் கடை திறக்கும்போது வேண்டாம், கல்லா எண்ணும்போது வேண்டாம், வாட்ஸ்ஆப்பில் எழுதவே எழுதாதீர்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசுங்கள். நான் சொல்லும் வார்த்தைகளை அப்படியே சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"முதலாளி, ரெண்டு நிமிஷம். அன்னிக்குச் சீட்டைத் தவறவிட்டது என் தப்பு. இனிமே அது நடக்காது, நோட்டு போட்டிருக்கேன், நீங்களே பாக்குறீங்க. ஆனா எங்கப்பா வயலுக்கு ஏத்திட்டியான்னு நாலு பேர் முன்னாடி கேட்டீங்க. எங்க ஊர்க்காரங்க நின்னாங்க. 15-ம் சரியா இருந்துச்சு. அது சரியா இருந்துச்சுன்னு நீங்க யார்கிட்டயும் சொல்லல. எனக்கு அதுதான் ஆற மாட்டேங்குது. வேலையில தப்புன்னா குடோனுக்குள்ள கூப்பிட்டுத் திட்டுங்க, கேட்டுக்குறேன். அப்பாவைச் சொல்லாதீங்க."

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த நிறுத்தம்தான் கஷ்டம். எதிரில் அமைதி வந்தால் அதை நிரப்ப வாய் துடிக்கும். "தப்பா எடுத்துக்காதீங்க", "சும்மா சொன்னேன்" என்று நீங்களே சொன்னதை நீங்களே அழித்துவிடுவீர்கள். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பழைய கதை எதையும் இழுக்காதீர்கள், தீபாவளி போனஸ், போன வருஷத்துத் திட்டு, எதுவும் வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும். ஆம்பளை அழுதால் கேவலம் என்பதை நம்பி இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணில் தண்ணீர் நின்றாலும் வார்த்தை தெளிவாக வந்தால் போதும்.

அவர் என்ன செய்வார்? நம் ஊரில் முதலாளி வாயிலிருந்து "மன்னிச்சிடு" என்ற சொல் வருவது அபூர்வம். "சரி, போய் வேலையைப் பாரு" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "டீ சொல்லு, உனக்கும் சேர்த்து" என்பார். அல்லது மறுநாள் குடோன் சாவியை உங்கள் கையில் கொடுத்து அனுப்புவார். அவர் இறங்கி வருகிற விதம் இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டீயோடு நீங்கள் முழுக்கத் திருப்திப்பட வேண்டியதில்லை. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வரும்போது, "அன்னிக்குக் கணக்கு சரியா இருந்துச்சுன்னு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க முதலாளி" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். பழி நாலு பேர் முன்னால் விழுந்தது. அதில் ஒருவர் முன்னாலாவது அது விலக வேண்டும்.

எல்லோருக்கும் இது நல்லபடியாக முடிகிறது என்று நான் சொன்னால் அது பொய். அடையாளம் தெரியாதபடி மாற்றி இரண்டு பேரைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் இருந்த ஒரு பெண் இப்படித்தான் பேசினார். முதலாளி இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. அதன்பின் திட்ட வேண்டியதை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுத் திட்டினார், குரல் அதேதான். "எனக்கு அது போதும் மேடம், கஸ்டமர் முன்னாடி இல்லாம போச்சு" என்றார் அந்தப் பெண். இன்னொருவர் ஓர் அரிசி மில்லில் இருந்தார். பேசிய மறுநாளிலிருந்து அவருக்கு இன்னும் மோசமானது. மூன்று மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு வெளியே வந்தார். வந்த பிறகு என்னிடம் சொன்னது, "பேசிட்டு வந்ததால ராத்திரி தூக்கம் வருதுங்க."

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு இரண்டு வார்த்தை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமில்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் அனுப்பக் கூடாது என்று அதன் 41-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் மூன்று வருடம் இருந்திருக்கிறீர்கள். சண்டை போட இதை எடுக்க வேண்டாம், உள்ளுக்குள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கையில் வாங்குகிறீர்களா, வங்கியில் விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கையில் என்றால் இந்த மாதத்திலிருந்து தேதியும் தொகையும் எழுதி வையுங்கள்.

38,000 ரூபாய்ப் பற்றுதான் உங்களை இந்த நாற்காலியோடு கட்டி வைத்திருக்கிறது, இல்லையா? அவர் அதைக் காட்டி மிரட்டியதாக நீங்கள் எழுதவில்லை. மிரட்டுவார் என்று நீங்களாக நினைக்கிறீர்கள். அது அப்பாவின் கடன், உங்கள் உழைப்பின் மேல் எழுதிய கடன் இல்லை. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைப்பது 1976-லேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்ட முறை. பற்று நோட்டைப் பார்த்து என்னென்ன தேதி, என்னென்ன உரம், பூச்சி மருந்து, என்ன விலை என்று அப்பாவுக்கு ஒரு நகல் எழுதிக் கொடுங்கள். நீங்கள்தானே கணக்குப் பிள்ளை. தை மாசியில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் முதல் வேலையாக இதைத் தீர்த்துவிடச் சொல்லுங்கள். அடுத்த போகத்துக்கு உரமும் பணமும் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனாக வாங்க முடியுமா என்று அப்பா விசாரிக்கட்டும். தவணைக்குள் கட்டினால் அதற்குத் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. சொசைட்டி வரிசையில் அவர் ஏற்கெனவே போய் நின்றுவிட்டார், பாதி வழி வந்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பற்று தீர்ந்த பிறகு விடுவதா இருப்பதா என்று யோசித்துப் பாருங்கள், அப்போது வரும் பதில் வேறு மாதிரி இருக்கும். அதுவரை திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் ஆடிட்டர் அலுவலகங்களிலும் மில்களிலும் விசாரித்துக்கொண்டே இருங்கள். மூன்று வருடம் உரக்கடைக் கணக்கையும் மெஷினையும் சமாளித்த ஆளுக்கு வேலை கிடைக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. வசவில் சாதி வந்தாலோ, கை நீண்டாலோ, பெண்ணிடம் உடம்பைப் பற்றிய பேச்சு வந்தாலோ மேலே சொன்ன மத்தியானப் பேச்சு அதற்குப் பொருந்தாது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவான கடையாக இருந்தாலும் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவில் பெண்கள் புகார் கொடுக்கலாம். இப்படிப்பட்ட விஷயத்தில் தனியாகப் போய் முதலாளியிடம் பேசாதீர்கள்.

தம்பி, இப்போது அந்த ராத்திரி மூன்று மணி விஷயத்துக்கு வருகிறேன். முழிப்பு வந்ததும் போனைத் தொடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டு, அவரிடம் சொல்ல நினைப்பதையெல்லாம் காகிதத்தில் எழுதுங்கள். நோட்டில் வேண்டாம், தனித் தாளில். எவ்வளவு அசிங்கமாக வந்தாலும் வரட்டும், 15 நிமிடம், நிறுத்தாமல். தொடர்ந்து நான்கு நாள். 1986-ல் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களை இப்படி எழுதவைத்துப் பார்த்தார். எழுதியவுடன் அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது, ஆனால் அடுத்த சில மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவரிடம் போவது குறைந்தது. உங்களுக்கும் முதல் இரண்டு நாள் கனக்கும், பயப்படாதீர்கள். நான்காம் நாள் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பா. அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காததற்குக் கோபமோ சந்தேகமோ காரணம் என்று நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரிகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. தன் பெயரைச் சொல்லி மகனைத் திட்டினார்களே, தன் கடன் அங்கே நிற்பதால்தானே பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றான் என்று அவர் கூனிக் குறுகியிருக்கலாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாலை பஸ்ஸில் வந்த கதை. அது 15 மூட்டை குறைந்ததோடு முடிகிறது. மறுநாள் காலையில் சீட்டு கிடைத்தது அந்தக் கதையில் இல்லை. அதை நீங்கள் அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

முதலாளியிடம் பேச நாள் பார்க்க வேண்டும். அப்பாவிடம் பேச அப்படி எதுவும் வேண்டாம், இன்று இரவே பேசலாம். அந்தச் சீட்டுகளை மெஷினில் ஏற்றிய பிறகும் நீங்கள் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், கணக்கு எழுதுகிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் எதையும் போடுவதில்லை. இருந்தால் ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் சாப்பிட்டுக் கை கழுவித் திண்ணையில் வந்து உட்காரும்போது கையில் கொடுங்கள். "நம்ம ஊர்க்காரங்க பேரும் இதுல இருக்குப்பா, எண்ணிப் பாருங்க" என்று சொல்லுங்கள்.